பிடியரிசியில் வளர்ந்த திருப்பணி

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் பணிபுரியும் சிறு திருச்சபைகள் முன்பள்ளி, மாலை வகுப்பு, முதியோர் பராமரிப்பு என எதைத் தொடங்க எண்ணினாலும் முதலில் நாடுவது வெளிநாட்டு நிதியுதவியையே. திட்ட அறிக்கை எழுதுவதும், தவணை முடிந்ததும் வேறொரு நிறுவனத்தின் கதவைத் தட்டுவதும் குருவானவர்களின் வழக்கமான வேலைகளாகிவிட்டன. இது தோட்டங்களுக்குப் புதியதன்று. 1854 இல் மலையகக் கோப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டபோது, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களுக்கான செலவைத் தோட்டத் துரைமாரின் சந்தா தாங்கியது. மேற்பார்வைக்கு மிஷனரியை இங்கிலாந்துச் சங்கம் கொடுத்தது. பிரசங்கத்தைக் கேட்கவேண்டிய தொழிலாளிக்கு அந்த ஏற்பாட்டில் பங்கில்லை.

அந்த ஏற்பாட்டை மாற்றிக் காட்டியவரும் திருநெல்வேலிக்காரரே. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17 ஆந் திகதி வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்றும் பட்டம் பெறவில்லை. 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் அலைந்தார்.

1902 இல் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் தங்கள் ஊழியரைக் கடல் கடந்து தொண்டிக்கு அனுப்பியிருந்தனர். எண்ணிக்கையில் சிறிய யாழ்ப்பாணத்தால் இயன்றது, பெரிய திருநெல்வேலியால் ஏன் இயலவில்லை என்ற கேள்வி அவரைச் சுட்டது. அடுத்த ஆண்டே, 1903 பெப்ரவரி 12 இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. 1905 கிறிஸ்மஸ் தினத்தில் சேரம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவையாகவே இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை.

சொல்வதோடு அவர் நிற்கவில்லை. 1909 இல் குருப்பட்டம் பெற்று, நிசாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குத் தாமே ஊழியராகச் சென்றார். 1910 இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிமார் புரவலராக நிற்காது நண்பராக வரவேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அவையில் பலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29 ஆந் திகதி கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அவரது சபையினரில் பெரும்பாலோர் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா விவசாயக் கூலிகள். அவர்களிடமும் காணிக்கை கேட்டார். உலை வைக்கும் முன் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஒதுக்கினர். அறுப்புக் காலத்தில் தானியமும் கோழியும் ஆலயத்துக்கு வந்தன. ஏழையிடம் வாங்குவது கொடுமையன்றோ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் கொடுப்பவனுக்கே கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்பதை அசரியா அறிந்திருந்தார். என்றும் பெறுபவனாகவே வைக்கப்பட்ட மனிதனைக் கொடுப்பவனாக்குவது, அவனை நிமிர்த்துவதுமாகும்.

இதற்காக அவர் அந்நியப் பணத்தை முற்றாகத் துறந்தார் என்று எழுதுவது பொய்யாகும். தோர்ணக்கல் மறைமாவட்டத்துக்கு இங்கிலாந்துச் சங்கங்களின் மானியம் தொடர்ந்து வந்தது. 1935 அளவில் அங்கிருந்த சுமார் 250 இந்தியக் குருமாரையும் 2000 இற்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களையும் பிடியரிசி மட்டும் தாங்கியிருக்க முடியாது. ஆனால் மானியம் வருமுன்னரே மக்களின் காணிக்கை அங்கே இருந்தது. வரிசை அதுதான்.

சப்பிரகமுவத் தோட்டங்களின் நிலை இதனினும் கடினமானது. இங்கு அரிசியே ஒரு காலத்தில் தோட்டத்தால் கொடுக்கப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்டது. கொடுக்கக் கூடியவர்களும் கலைந்து போயினர்: 1964 ஒப்பந்தத்தின்படி பலர் இந்தியா சென்றனர், 1977 இலும் 1981 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் பலர் வன்னிக்குப் பெயர்ந்தனர். எஞ்சிய குடும்பங்களிடம் காணிக்கை கேட்பதற்குக் குருவானவர் தயங்குவது புரிகிறது. ஆனால் திட்டத்தை வகுக்கும் மேசையில் லயத்து மனிதர் ஒருவரும் இல்லாமல் போவதற்கு வறுமை காரணமாகாது.

அசரியா கொடை பற்றி ஒரு நூலே எழுதினார். இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலைகளும் கலந்த தோர்ணக்கல் பேராலயத்தை நெடுங்காலம் கட்டி 1939 ஜனவரி 6 இல் பிரதிஷ்டை செய்தார். 1945 ஜனவரி முதல் நாள் காலமானார். யாழ்ப்பாணத்தைக் கண்டு அவர் தொடங்கிய சங்கம் இன்றும் திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையில் வட இந்தியாவரை ஊழியரை அனுப்பி வருகிறது.