கொல்லைப்புறத்தில் கானகம் கண்ட மா. கிருஷ்ணன்

சென்னை மயிலாப்பூரில் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்றொரு பெருஞ்சாலை உண்டு. நம் திருத்தணி மண்ணிற் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த பேராசிரியரின் பெயரைத் தாங்கி நிற்பதால் அதன்மீது நமக்கெல்லாம் ஓர் உரிமை இருக்கிறது. அது எட்வர்டு எலியட்ஸ் சாலை என வழங்கிய நாளில், அங்கே வளர்ந்த சிறுவன் ஒருவனைப் பற்றியே இக்கட்டுரை.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களில் கடைசியானவர் கிருஷ்ணன். 1912 ஜூன் 30 அன்று பிறந்தார். அரசாங்க உப்பிலாகாவில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற மாதவையா, தம் சொந்த ஊரின் பெயரால் 'பெருங்குளம் ஹவுஸ்' என்று அச்சாலையில் வீடு அமைத்தார். அக்காலத்து மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. புதர் மண்டிய வெளி. அதில் நரிகள் உலவின, வெளிமான்கள் மேய்ந்தன என்றால் இன்று யார் நம்புவார்? பதினொரு வயதில் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். 1925 இல், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று பல்கலைக்கழக செனட் சபையில் பேசி அமர்ந்த மாதவையா அங்கேயே உயிர் நீத்தார். மகனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றது அவர் வாழ்வின் திருப்பம் எனலாம். பேராசிரியர் பைசன் தென்னிந்திய மலைவாழிடங்களின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர். அவரோடும் அவர் துணைவியாரோடும் கிருஷ்ணன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்றார். செடியை அடையாளம் காண ஆசிரியரும், நீர்வண்ணத்தில் தீட்ட அம்மையாரும் கற்பித்தனர். பறவையறிஞர் பலர் பறவையிலிருந்து மரத்துக்குப் போவார்கள். கிருஷ்ணன் மரத்திலிருந்து பறவைக்கு வந்தவர். அவரைப் புரிந்துகொள்ள இந்த வேற்றுமை முக்கியம் என்று கருதுகிறேன்.

சட்டமும் படித்தார். 1942 இல் பெல்லாரிக்கருகே சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலாளர் எனப் பல பணிகள் பார்த்தார். 1949 இல் சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் பேனாவும் காமிராவுமே தொழில். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 இல் தொடங்கிய அவருடைய பத்தி 1996 வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் வந்தது. கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார்; பல உறுப்புகளைப் பொருத்தித் தாமே ஒரு காமிராவையும் ஆக்கிக்கொண்டார். பத்மஸ்ரீ பட்டமும் வந்தது.

யானையையும் காட்டெருமையையும் தேடிக் காடுகளில் அலைந்தவர்தாம். ஆயினும் 1961 இல் வெளிவந்த அவர் நூலின் பெயர் 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்'; காட்டுக்குச் சமமாகக் கொல்லைப்புறத்தையும் தலைப்பிலேயே நிறுத்திவிட்டார். காக்கை, ஓணான், அணில், மைனா ஆகியவற்றை வேங்கைக்குக் குறையாத கவனத்தோடு எழுதினார். ஒரு நாட்டின் அடையாளம் அதன் மண்ணும், அம்மண்ணுக்கே உரிய மரமும் உயிரும்தான். மனிதன் ஆக்கிய பண்பாடு காலத்துக்குக் காலம் மாறக்கூடியது என்பது அவர் கொள்கை. அழகுக்காக அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் விரும்பாததற்கு இதுவே காரணம்.

இதில் அவர் சற்றே கடுமை காட்டினாரோ என்று எனக்கு முதலில் தோன்றியதுண்டு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரத்திலும் காக்கை கூடு கட்டத்தானே செய்கிறது? ஆனால் கூட்டுக்கு இடம் தருவது வேறு, குஞ்சுக்கு இரை தருவது வேறு. தேன்சிட்டு பூந்தேன் குடித்தாலும் தன் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியுமே ஊட்டுகிறது. புழுக்களோ கண்ட இலையையெல்லாம் தின்பதில்லை. ஆவாரை, எருக்கு, கறிவேப்பிலை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வண்ணத்துப்பூச்சி உண்டு. பல தலைமுறையாக அந்த இலைக்குப் பழகிய புழு அதிலேயே வளரும். மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை கோடையில் தீப்பிடித்தாற்போல் பூத்தாலும் அந்தப் பழைய உறவு அதற்கு இங்கே இல்லை. வேம்பு பழுத்தால் குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் வருகின்றன. ஆலும் அத்தியும் பழுத்தால் குக்குறுவான் வருகிறது. கூட்டிப் பெருக்காத சருகுக்கடியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் இரை கிளறுகிறது. தானியம் தூவிக் கூப்பிட வேண்டியதே இல்லை.

கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார் என்பதை நம்மிற் பலர் அறியோம். அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார். 1996 பிப்ரவரி 18 அன்று கிருஷ்ணன் மறைந்தார். நரி உலவிய அவருடைய மயிலாப்பூர் அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்திருந்தது.

அந்நூலைச் சென்ற விடுமுறையில் படித்தேன். ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு நுணாவும், வேலியோரம் இரண்டு களாச்செடியும் நிற்கின்றன. அவ்விடத்தில் இன்னொரு தறிக்கு ஷெட் போட வேண்டுமென்பது அப்பாவின் எண்ணம். தறி ஓடினால்தான் என் தங்கையின் கல்லூரிப் படிப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஷெட்டை மூன்று முழம் தள்ளிப் போட்டால் நுணா தப்பும் என்று கயிறு பிடித்து அளந்து காட்டினேன். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. களாவில் இப்போது கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது; குஞ்சு பறக்கும் மட்டும் பொறுக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.