ஹென்றி சல்லிவன் தாமஸ்

ஹென்றி சல்லிவன் தாமஸ் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரித்தானிய ஆட்சிப் பணி அலுவலரும், இந்திய ஆறுகளில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய முன்னோடி நூலாசிரியரும் ஆவார். 1873இல் வெளிவந்த 'தி ராட் இன் இந்தியா' (இந்தியாவில் தூண்டில்) என்னும் நூலால் இவர் பெரிதும் அறியப்படுகிறார். சுழலும் இரையைக் கொண்டு மகசீர் மீனைப் பிடிக்கும் முறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப விரிவாக எழுதியவர்களில் இவர் முதன்மையானவர். ஆற்று மீன்வளம் அழிவதை அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றவர்களுள்ளும் ஒருவர்.

ஆட்சிப் பணி

தாமஸ் சென்னை மாகாண ஆட்சிப் பணியைச் சேர்ந்தவர். அக்காலத்தில் அம்மாகாணத்தின் பகுதியாக இருந்த தென் கன்னட மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றினார். இம்மாவட்டத்தின் தலைமையிடம் மங்களூர் ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி அரபிக் கடலில் கலக்கும் நேத்திராவதி முதலிய ஆறுகள் இங்கு ஓடுகின்றன. இவ்வாறுகளே இவருடைய மீன் ஆய்வுக்கும் தூண்டில் அனுபவத்திற்கும் களமாயின. பிற்காலத்தில் சென்னை வருவாய் வாரியத்தின் உறுப்பினராகவும் இருந்தார். இலண்டன் லின்னியன் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்வு பெற்றார்.

மீன்வள அறிக்கை

தென் கன்னடத்தில் மீன் வளர்ப்பு பற்றி இவர் எழுதிய அறிக்கை 1870இல் வெளியானது. ஆற்றில் நஞ்சு கலத்தல், மிகச் சிறிய கண்ணுடைய வலைகளையும் நிலையான பொறிகளையும் கொண்டு குஞ்சுகளைப் பிடித்தல் ஆகியவற்றால் மீன்வளம் குன்றுவதை இவர் எடுத்துக்காட்டினார். மீன் என்பது பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியதன்று, மக்களின் உணவு என்பதே இவருடைய வாதத்தின் அடிப்படை.

இதே காலத்தில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே இந்தியா முழுமைக்குமான நன்னீர் மீன்வள அறிக்கையை 1873இல் அளித்தார். ஆயினும் சட்டம் உடனே வரவில்லை. சிறு வலைகளையும் பொறிகளையும் நம்பி வாழ்ந்தோர் பெரும்பாலும் ஏழைகள். அவற்றைத் தடுத்தால் அவர்களுடைய பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி எழுந்தது. மீன் குஞ்சுகளைக் காத்தால் நாளைய உணவு பெருகும் என்பது ஒரு பக்கம். இன்றைய உணவுக்கு என்ன வழி என்பது மறுபக்கம். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடிபொருளையும் நஞ்சையும் கொண்டு மீன் கொல்வதைக் குற்றமாக்கியது. சென்னை மாகாணத்தில் மீன்வளத்திற்கெனத் தனி அலுவலகம் 1907இல் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் தொடங்கியது.

தி ராட் இன் இந்தியா

இந்நூல் 1873இல் மங்களூரில் அச்சிடப்பட்டது. இரண்டாம் பதிப்பு 1881இலும் மூன்றாம் பதிப்பு 1897இலும் வெளிவந்தன. மீனின் இயல்பு, இரை, கருவிகள், பருவம், மீன் வளர்ப்பு ஆகியவற்றை இந்நூல் விளக்குகிறது.

நூலின் முதன்மை மீன் மகசீர். இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தன் அளவுக்கு ஏற்ற போராட்டத்தில் மகசீர் சால்மன் மீனையும் விஞ்சும் என்பது தாமசின் கருத்தாகும். இங்கிலாந்தில் சால்மனுக்காகச் செய்யப்பட்ட முட்களும் கம்பிகளும் மகசீருக்குத் தாங்குவதில்லை. இதன் காரணத்தை இவர் மீனின் உடலமைப்பில் தேடினார். மகசீருக்குத் தாடையில் பற்கள் இல்லை. தொண்டையில் வலிமையான பற்கள் உண்டு. வாயை இறுக்கும் ஆற்றலும் மிகுதி. எனவே இரையைக் கவ்வும்போதே முள் வளைகிறது அல்லது நொறுங்குகிறது. முள் உறுதியாக இருக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து பிறந்தது.

சுழலும் இரையும் அதன் கோளாறுகளும்

கரண்டி வடிவ உலோக இரைக்கு அமெரிக்காவைச் சேர்ந்த ஜூலியோ பியூயெல் 1852இல் காப்புரிமை பெற்றார். தாமசின் காலத்தில் இத்தகைய கரண்டி இரையும், முட்களில் கோத்துச் சுழலவிடும் இறந்த சிறுமீனும் பயன்பட்டன. இவ்விரண்டிலும் இரை முழுவதும் சுழல்வதால் நரம்பும் சேர்ந்து முறுக்கேறியது. அசையாத உருளையுடைய தூண்டில் சக்கரத்திற்கு இல்லிங்வொர்த் 1905இல்தான் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பட்டு நரம்பைக் கையால் இழுத்துக் காலடியில் சுருளாகப் போட்டு வீசும் வழக்கம் இருந்தது. முறுக்கேறிய நரம்பு வீசும்போது சிக்கி அறுந்தது.

இதற்குத் தீர்வு சுழல் இணைப்பு ஆகும். இரைக்கும் நரம்புக்கும் இடையில் இதைக் கட்டினால் சுழற்சி நரம்பிற்குச் செல்லாது. ஈயக்குண்டு கட்டுவதாயின் அதைச் சுழல் இணைப்பிற்கு மேலே, நரம்பின் பக்கமே கட்ட வேண்டும். நரம்பிற்குக் கீழே தொங்கும் ஈயம் நரம்பு திரும்பாமல் தடுக்கும். இணைப்பிற்குக் கீழே கட்டினால் ஈயமும் இரையோடு சுழலும், பயன் இராது.

தகடு மட்டும் கம்பியைச் சுற்றிச் சுழலும் இன்றைய வடிவம் பிற்காலத்தில் பரவியது. இதை வீட்டிலேயே செய்வோர் சந்திக்கும் கோளாறுகளுள் சில:

தகடு சுழலாமை: தகட்டைத் தாங்கும் வளையம் கம்பியில் இறுக்கமாக இருப்பதே பெரும்பாலும் காரணம். வளையத்திற்கும் உடற்பகுதிக்கும் இடையே வழவழப்பான ஒரு மணி தேவை. கம்பி வளைந்திருந்தாலும் சுழற்சி நிற்கும்.
இரை முழுவதும் சுழலுதல்: உடற்பகுதியின் எடை குறைவு அல்லது தகடு அளவுக்கு மிஞ்சியது. எடையைக் கூட்டவோ தகட்டைச் சிறிதாக்கவோ வேண்டும்.
தகடு முள்ளில் சிக்குதல்: தகடு நீளமாகவோ உடற்பகுதி குட்டையாகவோ உள்ளது.
மெதுவாக இழுக்கையில் நின்றுவிடுதல்: குறுகிய தகட்டிற்கு விரைவான ஓட்டம் தேவை. அகன்ற தகடு மெதுவாக இழுத்தாலும் சுழலும். ஆனால் வேகமான நீரில் மேலே எழும்பிவிடும்.

நீலகிரி ஆறுகளுடன் தொடர்பு

தாமஸ் எழுதிய மகசீர் வகைகளின் வாழிடங்களுள் நீலகிரியைச் சூழ்ந்த ஆறுகளும் அடங்கும். கூடலூர் வட்டத்தில் உள்ள நாடுகாணியில் மலைச்சரிவு நிலம்பூர் நோக்கி இறங்குகிறது. இப்பகுதியின் மேற்கு ஓடைகள் பாண்டியாறு, புன்னப்புழை வழியே சாலியாற்றில் கலந்து அரபிக் கடலை அடைகின்றன. சற்று வடகிழக்கே தோன்றும் நீர் மாயாற்றில் சேர்ந்து பவானி, காவிரி வழியே வங்கக் கடலை அடைகிறது. இதனால் மீன்களும் வேறுபடுகின்றன. மேற்கு நோக்கிய ஆறுகளில் மலபார் மகசீர் வாழ்கிறது. காவிரிப் படுகையில் வாழும் பெரிய திமில் மகசீரின் அறிவியல் பெயர் 2018இல்தான் டோர் ரெமாதேவியை என உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டே அது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் 120 பவுண்டு எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார்.

நீலகிரியின் உயர்ந்த ஓடைகளில் காணப்படும் ட்ரௌட் மீன் இம்மண்ணுக்குரியதன்று. 1860களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சி தோல்வியுற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வானவில் ட்ரௌட்டை நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது.

மதிப்பீடு

தாமசின் நூல் ஆங்கிலேய அலுவலர்களின் ஓய்வு நேரத்தை முன்னிட்டு எழுதப்பட்டது. ஆற்றங்கரை மக்களின் மீன்பிடி முறைகளை அது பெரும்பாலும் வெளியிலிருந்தே நோக்குகிறது. எனினும் அவர் சுட்டிய நஞ்சும் சிறுகண் வலையும் இன்றும் மலை ஆறுகளின் சிக்கல்களாகவே உள்ளன. அணைகளும் மணல் எடுப்பும் பின்னர் அவற்றோடு சேர்ந்துகொண்டன.

நூல்கள்

தென் கன்னடத்தில் மீன் வளர்ப்பு பற்றிய அறிக்கை, 1870
தி ராட் இன் இந்தியா, 1873
டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா (ஏரி, குளங்களில் தூண்டில் மீன்பிடிப்பு), 1887