மண்ணில் மருந்து கண்ட மண்டயத்தார்

மண்ணைத் தோண்டினால் நீர் கிடைக்கும், பொன்னும் கிடைக்கலாம். ஆனால் ஒரு பிடி மண்ணைக் கரைத்து, அதில் வாழும் கண்காணா உயிர்களைப் பிரித்தெடுத்து, அவற்றிடமிருந்து மருந்தைக் கறந்தவர்கள் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் எம். ஜே. திருமலாச்சார். பெனிசிலின் கண்ட பிளெமிங்கை நம்மில் அறியாதார் இல்லை. பெனிசிலின் தொட முடியாத பகையோடு போராடிய இவரைத் தாவர நோயியலாரும் மருந்தியலாரும் நன்கறிவர். ஏனைய மாணவ நண்பர்களும் அறிய வேண்டும் என்பது என் ஆவல்.

1914-ஆம் ஆண்டு மைசூர் நாட்டு மண்டயம் குடியில் அவர் பிறந்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து, மாண்டியா, மேலக்கோட்டைப் பகுதிகளில் குடியேறியவர்கள் மண்டயத்தார். கன்னட நாட்டில் வேரூன்றியும் வீட்டில் தமிழைக் கைவிடாதவர்கள். பாரதியாரின் 'இந்தியா' ஏட்டைத் தாங்கி நின்றவர்களும் அக்குடியினரே. ஊர்விட்டு வந்து, பிரேசர் டவுனில் அறையெடுத்து, நுண்ணுயிரியல் முதுகலை பயிலும் எனக்கு இச்செய்தியால் அவர்மேல் தனிப்பற்று உண்டாயிற்று.

1940-களில் அவர் பணிபுரிந்த இடம் இதே நகரின் சென்ட்ரல் கல்லூரி. பயிர்களைத் தாக்கும் துரு நோய்ப் பூசணங்களையும் கரிப்பூட்டைப் பூசணங்களையும் இலை இலையாகத் தேடி ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேலாராய்ச்சி செய்தார். முண்ட்கூர் என்னும் அறிஞருடன் சேர்ந்து எழுதிய இந்தியக் கரிப்பூட்டைப் பூசணங்கள் பற்றிய நூல் 1952-இல் வெளிவந்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். பாட்னாவில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, பீகாரில் கிழங்கைக் கரியாக்கும் அழுகல் நோயை ஆராய்ந்து 1955-இல் எழுதினார்.

பயிர் நோயில் பழகிய கை, மனித நோய்க்கு மருந்து தேடத் தொடங்கியது பிம்ப்ரியில். புனே அருகே, உலக சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் துணையோடு, 1954-இல் நம் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையில் ஆராய்ச்சித் துறைத் தலைவரானார் திருமலாச்சார்.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் பல இருந்தன. பூசணத்தைக் கொல்லுவது எளிதன்று. ஏன்? பூசணத்தின் உயிரணு பெரிதும் நம் உயிரணுவைப் போன்றது. அதற்கு நஞ்சாவது நமக்கும் நஞ்சாகும். வேறுபாடு ஒன்று உண்டு. நம் உயிரணுச் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால். பூசணத்தின் சவ்வில் இருப்பது எர்கோஸ்டிரால். அந்த எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கும் பொருள்களை மண்வாழ் ஸ்டிரெப்டோமைசிஸ் உயிர்கள் தம் இயல்பிலேயே ஆக்குகின்றன. 1950-இல் அமெரிக்க மண்ணிலிருந்து நிஸ்டாடினும், 1955-இல் வெனிசுலா மண்ணிலிருந்து ஆம்போடெரிசினும் கிடைத்தன. நம் மண் மட்டும் மலடா?

இல்லை என்று காட்டினார் அவர். பிம்ப்ரி மண்ணில் கண்ட உயிருக்கு ஸ்டிரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா என்று ஊர்ப் பெயரையே சூட்டினார். அது தந்த மருந்துக்குத் தொழிற்சாலையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஹாமைசின் என்று பெயர். 1961-இல் அச்செய்தி வெளிவந்தது. தோல் நோய்ப் பூசணங்களை அடக்கும் டெர்மோஸ்டாடின் அடுத்து வந்தது. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஆரியோபங்கின் உழவனுக்கு உதவியது. நெல்லின் குலை நோய்க்கு எதிராகவும் அதனைப் பயன்படுத்தினர்.

பிற்காலத்தில் கலிபோர்னியாவில் ஜீர்சன்னிதி–ஆண்டர்சன் ஆராய்ச்சி நிலையத்தைத் தோழர்களுடன் நிறுவினார். 1999-இல் மறைந்தார், நான் பிறப்பதற்கு முன்பே.

ஹாமைசின் உலகை வென்றதா என்று கேட்பீர்கள். இல்லை. உடலுள் பரவும் பூசண நோய்க்கு ஆம்போடெரிசினே நிலைத்தது. ஆனால் 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு கறுப்புப் பூசண நோய் பரவியபோது, அம்மருந்து கிடைக்காமல் நாடெங்கும் நோயாளிகளின் உறவினர் கடை கடையாக அலைந்தனர். ஒரே மருந்தை நம்பியிருப்பதன் துயரம் அன்று விளங்கிற்று. இன்றோ, எளிதில் ஆறிவந்த படர்தாமரையே மருந்துக்கு அடங்காமல் நாடெங்கும் பெருகுகிறது. மழைக்காலத்தில் ஈரத்துணி உலராத அறைகளில் வாழும் நமக்கு அது புதிதன்று. மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், நோயை வளர்க்கும். நண்பர்களே, அதை விட்டுவிடுங்கள்.

பழைய மருந்துகள் வலுவிழக்கும்போது புதியவை வேண்டும். தேடலும் மண்ணோடு நின்றுவிடவில்லை. நம் தோலில் குடியிருக்கும் ஈஸ்டுகளும் தம் அண்டை நுண்ணுயிர்களை அடக்கும் பொருள்களை ஆக்குவதை அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. பிளேக் நோய்க்குப்பின் நெரிசல் குறைக்க எழுந்த ஊர் இந்த பிரேசர் டவுன். இதன் பூங்கா மண்ணும், அதில் நடக்கும் நம் தோலும் ஆராய்ச்சிக்குரிய நிலங்களே. அறிவியல் பயிலும் தமிழ் மாணவர்களே, ஒரு பிடி மண்ணை எடுத்து வாருங்கள், தேடத் தொடங்குவோம்.