துணையற்ற மேடை: கே. பி. சுந்தராம்பாளின் தனியிசை வாழ்வு

கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையை எழுதுவோர் பெரும்பாலும் கிட்டப்பாவின் மறைவையும் அதன்பின் அவர் மேற்கொண்ட துறவுக்கோலத்தையும் காதலின் உறுதிக்குச் சான்றாகக் காட்டி அமைவர். அம்முடிவு ஓர் இசைக்கலைஞரின் பிழைப்பை எவ்வாறு பாதித்தது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. இக்கட்டுரை அதனையே கருதுகிறது.

1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்த சுந்தராம்பாள் இளமையிலேயே தந்தையை இழந்தார். ரயில் வண்டிகளில் பாடிப் பொருளீட்டிய சிறுமியின் குரல் நாடக ஆர்வலரான ரயில்வே அதிகாரி எப். ஜி. நடேச ஐயரின் செவியில் பட, வேலு நாயர் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. நல்லதங்காள் நாடகத்தில் குழந்தை வேடமேற்றார். ஓடும் வண்டியின் இரைச்சலை மீறிப் பாடிப் பழகிய குரலுக்கு ஒலிபெருக்கியற்ற நாடகக் கொட்டகை புதிய இடமாக இருந்திருக்காது எனக் கருதலாம்.

1926இல் இலங்கை சென்றபோது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு அமைந்தது. மறு ஆண்டு இருவரும் மணந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். இவ்விணையின் வள்ளி திருமணம் பெரும்புகழ் பெற்றது. பின்னர் மனவேறுபாடும் பிரிவும் நேர்ந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெண்ணிற ஆடை பூண்டு, இனி எந்த ஆடவருடனும் இணைந்து நடிப்பதில்லை என உறுதி பூண்டார்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசைநாடகம், வள்ளிக்கு எதிரே வேலனையும் பவளக்கொடிக்கு எதிரே அர்ச்சுனனையும் நிறுத்தி, இருவரையும் பாட்டால் மோதவிடும் கலை. எதிர்ப்பாட்டுக்காரர் இல்லையேல் அம்மேடையும் இல்லை. எனவே உறுதிமொழி ஒரு நடிகையின் துணையை மட்டுமன்று, அவர் கற்ற தொழிலையே பறித்தது. எஞ்சியது தனிக்கச்சேரி. அதுவோ குருகுலப் பயிற்சி பெற்ற வித்துவான்களின் களம். நாடகப்பாட்டுக்கு அங்கே மதிப்புக் குறைவு. சிலகாலம் ஒதுங்கியிருந்த அவரைப் பொதுவாழ்வுக்கு மீட்டவர்களுள் சத்தியமூர்த்தி முதன்மையானவர். காங்கிரஸ் மேடைகளில் அவர் தனித்து நின்று பாடினார். 1937 தேர்தலிலும் அக்குரல் பயன்பட்டது.

1935இல் வெளிவந்த நந்தனார் திரைப்படம் வேறொரு வழியைத் திறந்தது. ஆண் வேடத்தைத் தாமே ஏற்றமையால் இணை நடிகர் என்னும் தேவையே எழவில்லை. அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதாகக் கூறப்படும் செய்தியே இன்று அதிகம் பேசப்படுகிறது. வேடத்தேர்வின் நுட்பம் பேசப்படுவதில்லை. பின்வந்த பாத்திரங்களும் இவ்வகையினவே: மணிமேகலை (1940) துறவி, ஔவையார் (1953) முதுமகள், பூம்புகாரின் கவுந்தியடிகள் (1964) சமணத் துறவி. தமிழ் இலக்கிய மரபு இணையின்றி நிற்கும் பெண்டிருக்கு வகுத்த இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு தம் குரலுக்குக் களமாக்கினார் எனலாம். ஆயினும் 1940க்கும் 1953க்கும் இடைப்பட்ட நீண்ட இடைவெளி, அத்தகைய இடங்கள் எத்துணைச் சில என்பதையும் காட்டுகிறது.

1951இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். துணைவன் (1969) படப்பாடலுக்காகத் தேசிய விருது பெற்றபோது அறுபதைக் கடந்திருந்தார்; மறு ஆண்டு பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது. 1980இல் மறைந்தார்.