பீருக்காகப் பேராசிரியர் வேலையை விட்டவர்!

உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கும் ஜெர்மனிக்காரர்களின் பீருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. அதைச் சொல்லணும்னா கார்ல் வான் லிண்டேயின் கதையைச் சொல்லணும்.

1842-ல் பவேரியாவில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். மகனும் பாதிரியார் ஆவான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவரோ இன்ஜினீயரிங் படிக்க சூரிச்சுக்குப் போனார். 1864-ல் மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதால் கல்லூரி வெளியே அனுப்பிவிட்டது. கையில் பட்டம் இல்லை. பஞ்சாலை, ரயில் இன்ஜின் தொழிற்சாலை என்று வேலை பார்த்தவர், மியூனிக்கில் புதிதாகத் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியில் 1868-ல் ஆசிரியரானார். (டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் இவரோட மாணவர்தான்!)

பீருக்கு வருவோம். 'லாகர்' என்ற பெயரே, 'சேமித்து வைப்பது' என்ற அர்த்தமுள்ள ஜெர்மன் வார்த்தையிலிருந்து வந்தது. நொதித்து முடிந்ததும் கிட்டத்தட்ட 0 டிகிரி செல்சியஸில் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் வைக்கணும். அப்பதான் ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும், சுவை பக்குவமாகும். சூடு ஏறினால் கிருமிகள் பெருகிப் புளிச்சுடும். வெயில் காலத்துல இட்லி மாவு படும் பாடு தெரியுமில்லையா, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். ரொம்பக் குளிர்ந்தாலோ உறைஞ்சுடும்.

மெஷின் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 16-ம் நூற்றாண்டிலேயே பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை போட்டார்கள். குளிர்காலத்தில் ஏரி ஐஸை வெட்டி நிலவறையில் அடுக்குவார்கள். அறைக்கு மேலே நிழலுக்கு செஸ்ட்நட் மரம். பனி சரியாக விழாத வருஷம்? முதலாளிக்குத் தூக்கம் போச்சு.

குளிரூட்டல் பற்றி லிண்டே எழுதிய கட்டுரைகள் பீர் ஆலைக்காரர்கள் கண்ணில் பட்டன. மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை முதலாளி கேப்ரியல் செடல்மயர், சோதனைக்குத் தன் ஆலையையே கொடுத்தார். முதல் மெஷினில் ஓடியது மெத்தில் ஈதர். எளிதில் தீப்பிடிக்கிற வாயு அது, கசிவை அடைப்பதே பெரும்பாடு. பிறகு அமோனியாவுக்கு மாறினார். வாயுவை அழுத்தித் திரவமாக்கி, மறுபடி ஆவியாக விட்டால் சுற்றியுள்ள சூட்டை அது இழுத்துக்கொள்ளும். உங்க ஃபிரிட்ஜும் வேற வாயுவை வச்சு இதைத்தான் செய்யுது.

1879-ல் லிண்டேவுக்கு 37 வயது. மனைவி, குழந்தைகள், மாதச் சம்பளம். பட்டம் இல்லாமலே எட்டிப்பிடித்த பேராசிரியர் நாற்காலி அது. அதை விட்டுவிட்டு வீஸ்பாடனில் ஐஸ் மெஷின் கம்பெனி தொடங்கினார். நம்ம வீட்டுல ஒருத்தர் இப்படிச் சொன்னா விடுவோமா?

1890-க்குள் 747 மெஷின்கள் விற்றன. 1895-ல் காற்றையே திரவமாக்கிக் காட்டினார். அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்கும் வழியும் அவர் கையிலேயே பிறந்தது. 1934-ல் மியூனிக்கில் இறந்தபோது வயது 92.