மேடைத் தவசி

காவிரி புகையெனச் சிதறி விழும் ஒகேனக்கல்லில், அருகில் நிற்பவரிடமும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அவ்வருவியைக் கொண்ட பென்னாகரம் வட்டத்திலேயே, அதன் இரைச்சல் எட்டாத தொலைவில் பாப்பாரப்பட்டி இருக்கிறது. தமிழில் பேசியதற்காகவே சிறை புகுந்த வீரத்துறவி சுப்பிரமணிய சிவா கண்மூடிய ஊர் அது. மேடையேற நடுங்கும் இளைஞர்க்குப் பயிற்சி நூல்கள் பல உண்டு. சிவாவின் வாழ்வை அவற்றுக்கு முன்பாகப் படிக்கத் தரலாம்.

1884 அக்டோபர் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தவர் சிவா. வறுமை அவரை இளமையிலேயே திருவனந்தபுரத்துக்குக் கொண்டு சென்றது. அங்கே இளைஞர்களைத் திரட்டித் தர்ம பரிபாலன சமாஜம் என்னும் அமைப்பை நிறுவி, நாட்டுப்பற்றைப் பேசலானார். திருவிதாங்கூர் அரசு அவரை வெளியேற்றியது. அதனால் ஓர் ஊருக்குள் அடங்கியிருந்த குரல் ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியது!

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தூத்துக்குடியை அடைந்து வ. உ. சிதம்பரனாருடன் இணைந்தார். அப்போது வயது இருபத்து மூன்றே. அரசியல் மேடை பெரிதும் ஆங்கிலம் கற்றோர்க்கே உரியதாக இருந்த காலம் அது. முந்தைய ஆண்டு சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தை ஈர்த்த விபின் சந்திர பாலரும் ஆங்கிலத்தில்தான் உரையாற்றினார். தூத்துக்குடியிலோ கேட்க வந்தவர்களில் ஆலைத் தொழிலாளரும் எளிய மக்களும் மிகுதி. புராணக் கதை கேட்டுப் பழகிய அச்செவிகளுக்குச் சமயச் சொற்களின் வழியாகவே சிவா சுயராச்சியத்தை விளக்கினார். அவருடைய ஆற்றல் அடுக்குமொழியில் இல்லை. கேட்போர் யார் என்று அறிந்து பேசியதில் இருந்தது. மேடைத் தமிழை அளக்க இதனினும் நல்ல கோல் இல்லை.

அவ்வாண்டு பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்கு ஊக்கம் தந்தவை சிதம்பரனாரும் சிவாவும் ஆற்றிய உரைகள். மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. வழக்கில் முதன்மைச் சான்றாக நின்றவை மேடைப் பேச்சைப் பற்றிப் போலீசார் எழுதிய குறிப்புகளே. நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார். சிவாவுக்கு உணவும் உறையுளும் தந்ததும் சிதம்பரனார் மேல் குற்றமாயிற்று. பேசியவனுக்கு இடம் கொடுப்பதையும் அஞ்சிய ஆட்சி அது! மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது.

சிறை அவர் உடலைத் தின்றது. 1912இல் வெளிவந்தபோது தொழுநோய் பற்றியிருந்தது. ஆயினும் ஓயவில்லை. 1913இல் ‘ஞானபானு’ இதழைத் தொடங்கினார்; பாரதியாரும் சிதம்பரனாரும் அதில் எழுதினர். நாடகங்களும் இயற்றினார். நோயைக் காரணம் காட்டி ரயில் பயணம் மறுக்கப்பட்டபோது, புண்பட்ட கால்களாலும் கட்டை வண்டியிலும் ஊர்கள்தோறும் சென்று பேசினார். 1921இல் அப்பேச்சு மீண்டும் அவரைச் சிறைக்கு அனுப்பியது. நல்ல தோற்றமும் நல்ல உடலும் பேச்சாளனுக்கு முதல் தேவை என்பாருண்டு. அவர்கள் இந்தப் பயணங்களை எண்ணிப் பார்த்ததில்லை போலும்.

இறுதியில் அவர் தேர்ந்த இடம் பாப்பாரப்பட்டி. அன்பர்கள் துணையுடன் அங்கே பாரத ஆசிரமம் கண்டார். சாதி வேற்றுமையின்றி அனைவரும் வழிபடப் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விழைந்தார். 1923இல் அதற்குத் தேசபந்து சித்தரஞ்சன் தாசர் அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காணும் பேறு சிவாவுக்கு வாய்க்கவில்லை. நிதி திரட்டவும் கருத்தைப் பரப்பவும் சுற்றி அலைந்தவர், 1925 ஜூலை 23ஆம் நாள் அவ்வாசிரமத்திலேயே மறைந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது.