ஒரு சோற்றில் பதம் கண்ட பேராசிரியர்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. ஆனால் எந்தச் சோற்றை எடுத்துப் பார்ப்பது? மேலே கிடப்பதையா, அடியில் கிடப்பதையா? இக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

இவர் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பௌதிகம் பயின்று, 1913இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டு அங்கு வந்து சேர்ந்த நம் கணித மேதை இராமானுஜன் இவருக்கு நண்பரானார். குளிரில் மேலங்கியும் சால்வையும் போர்த்திப் படுத்துவந்த இராமானுஜனுக்கு, கட்டிலில் செருகி வைத்திருந்த கம்பளிகளை விலக்கி, அவற்றின் உள்ளே நுழைந்து உறங்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் இவரே!

தாயகம் திரும்பும்போது புள்ளியியல் ஏடுகள் சிலவற்றை வாங்கிக் கப்பலிலேயே படித்தார். மாநிலக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டே, நண்பர்கள் சிலருடன் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் அதன் மொத்தச் செலவு 238 ரூபாய்தான்.

அக்காலத்தில் வங்காளத்துச் சணல் விளைச்சலை எவரும் சரிவர அறியார். கீழ்நிலை ஊழியர்கள் கண்ணால் பார்த்து மதிப்பிட்டு எழுதி அனுப்பியதே கணக்கு. கோடிக்கணக்கான சிறு வயல்களை ஒவ்வொன்றாக அளப்பதோ பெருஞ்செலவு. 1937இல் மகலனோபிஸ் கூறெடுப்பு முறையில் இறங்கினார். முதலில் சிறு அளவில் ஒத்திகை பார்த்தார். பிறகு எந்த வயலைப் பார்ப்பது என்பதைத் தாமும் தீர்மானிக்கவில்லை, ஊழியரிடமும் விடவில்லை. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு வரைபடத்தில் குறித்துக் கொடுத்தார். பாதையோரத்து வயல் எளிதில் எட்டும். சேற்றுக்கு அப்பால் உள்ளது எட்டாது. எளிதானதை மட்டும் பார்த்தால் கணக்குப் பொய்யாகிவிடும். விடுதி மாணவியரை மட்டும் விசாரித்துவிட்டு, நம் பள்ளியில் எவரும் தொலைவிலிருந்து வருவதில்லை என்று எழுதினால் எப்படி இருக்கும்?

மனிதர் தவறுவர் என்பதையும் அவர் மறக்கவில்லை. ஒரே வட்டாரத்துக்கு இரு தனிக் குழுக்களை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரிகளைக் கொடுத்தார். இரு விடைகளும் வெகுவாக வேறுபட்டால், எங்கோ பிழை என்று தெரிந்துவிடும். இந்த ஏற்பாடே அவருடைய பணிகளில் மிக அழகானது என்பது என் எண்ணம். வயல் வயலாக எடுத்த முழுக் கணக்கைவிட, சில வயல்களை மட்டும் பார்த்த அவருடைய கணக்கே வணிகப் புள்ளிகளுக்கு நெருங்கி வந்தது. செலவோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு!

இது வெறும் சணல் விவகாரமன்று. 1943இல் வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். எவ்வளவு நெல் விளைந்தது என்பதற்கே நம்பத்தக்க கணக்கு அப்போது இல்லை. அடுத்த ஆண்டு மகலனோபிஸும் அவருடைய துணைவரும் சில நூறு கிராமங்களில் மாதிரிக் குடும்பங்களை விசாரிக்கச் செய்தனர். யார் நிலத்தை விற்றனர், யார் கலப்பை மாட்டை இழந்தனர், யார் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தனர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினர். மாண்டவர் போக எஞ்சியவர் எப்படி வாழ்ந்தனர் என்பது அதனால் தெரிய வந்தது.

விடுதலைக்குப் பின், 1950இல், அவர் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தோன்றியது. அதன் முதல் சுற்றில் நாட்டின் இலட்சக்கணக்கான கிராமங்களுள் 1,833 மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் சில, வண்டிப் பாதை இல்லாதவை. ஊழியர்கள் நடந்தே சென்றனர்.

1972 ஜூன் 28ஆம் நாள், தம் 79ஆவது பிறந்த நாளுக்கு முதல் நாள், மகலனோபிஸ் காலமானார். 2007 முதல் ஜூன் 29 நம் நாட்டில் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.